உருண்டை விழுந்த நோர்சோம்

மேட்டு முகாமில் வாய் என்றால் அது நோர்சோமின் வாய்தான். மதுரை பிளாட்பாரத்தில், முதுகில் வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருக்கிற ஆளை நிறுத்தி, அவன் தலையில் கம்பளி ஸ்வெட்டரைக் கட்டி அனுப்பியவள் அவள். குளிர்காலம் முழுக்க அந்த வியாபாரம். மற்ற மாதங்களில் முகாம் ஆபீசுக்கு எதிரே மோமோ கடை. கடையில் மோமோ வேகிறதோ இல்லையோ, ஆபீசில் இருக்கிறவர்கள் தினமும் வெந்தார்கள்.

அவள் புருஷன் தாம்டின் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலை எல்லையில் வாலிபம் பூராவும் காவல் நின்றவர். வீட்டில் மட்டும் ஒரு அடிகூட முன்னேறியதில்லை. அதைச் சொல்லிக் கேலி செய்வதும் அவரேதான்.

முகாமின் குறை தண்ணீர். சீனாக்காரனுக்குத் தப்பி நம் தாத்தாமார் மலையைத் தாண்டி வந்தபோது சர்க்கார் கொடுத்த காடு இது. யானை உண்டு, மக்காச்சோளம் உண்டு, குழாய் உண்டு, குழாயில் காற்று உண்டு. லாரித் தண்ணீர் வரும் நாளில் குடங்கள் நிற்கிற வரிசை பக்கத்து டவுன் குஷால்நகர் வரைக்கும் நீளும். அந்த வரிசையில் நடக்கிற சண்டையைக் கேட்டால் எல்லையில் நிற்கிற சீனாக்காரனே இரண்டு அடி பின்னால் போவான்.

அந்த வருஷம் முகாம் தலைவர் தேர்தல் வந்தது. பொது நிலத்தின் குத்தகைப் பணம் சேர்ந்து கிடந்தது. மடத்தின் பிரார்த்தனைக் கூடத்தைப் பெரிதாக்க அதைக் கொடுத்துவிடலாம் என்றார் டொப்கியால். நல்ல மனுஷன், கம்பளிக் கடைக்காரர், மடத்துக்கு வேண்டியவர். ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று நோர்சோம் எதிர்த்து நின்றாள்.

"எனக்கு ஓட்டுப் போட்டா மடத்துப் பெரிய குருவோட மனசு குளிரும்" என்று டொப்கியால் வீடு வீடாகச் சொன்னார்.

"அவர் மனசு எப்பவும் குளிர்ச்சிதான். குளிரவேண்டியது என் வீட்டுப் பானை" என்றாள் நோர்சோம்.

அவ்வளவுதான் சொன்னாள். அது தெருமுனையைத் தாண்டுவதற்குள் குருவைப் பழித்தாள் என்று ஆனது. வயலைத் தாண்டுவதற்குள் தர்மத்துக்கு எதிரி ஆனாள். மறுநாள் விடியும்போது சீனாக்காரனிடம் கைநீட்டிக் காசு வாங்கியவள் ஆகிவிட்டாள்.

"வாங்கினது வாங்கினே, எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று தாம்டின் அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினார். "ஒரு புது டிவியாவது பாக்கலாம்."

"சிரிங்க. நாளைக்கு நீங்க செத்தா மந்திரம் சொல்ல ஒரு துறவிகூட வரமாட்டார்."

"அதுக்காக நான் சாகாம இருக்கணுமா?"

சிரித்தார்களே தவிர, அது வெறும் பேச்சில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் பக்கம் பேசிய வாங்டுவின் வீட்டில் அம்மாவுக்குத் திதி வந்தபோது, துறவிகள் மறுநாள்தான் வந்தார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, வேலை மிகுதியா, யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

தேர்தலுக்கு முன்னால் முகாம் கூட்டம். மடத்தின் நிர்வாகம் பார்க்கிற லோட்ரோ எழுந்தார். ஒல்லியான துறவி, சத்தம் போடாமல் பேசுவார், அதனால் அவர் பேச ஆரம்பித்தால் குழந்தைகூட அழுகையை நிறுத்தும்.

"ஓட்டுன்னா ஊர் ரெண்டாகுது. ஒரே அடுப்புல டீ குடிச்சவங்க முகம் பாத்துப் பேசறதில்ல. நாம ஏன் காவல் தெய்வத்துகிட்டயே கேட்டுடக் கூடாது? மாவு உருண்டை போட்டுப் பாப்போம். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா."

மாவு உருண்டை சாதாரண விஷயமில்லை. பேரை எழுதிய சீட்டுகளை வறுத்த பார்லி மாவுக்குள் வைத்து, ஒரே எடையில் உருட்டி, கிண்ணத்தில் இட்டு, சன்னதியில் மந்திரம் சொல்லிச் சுழற்றுவார்கள். எந்த உருண்டை வெளியே துள்ளி விழுகிறதோ அது தெய்வத்தின் முடிவு. பெரிய பெரிய மடாதிபதிகளையே அப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். குடத்துக்கும் குழாய்க்கும் அதைக் கொண்டுவந்தது அன்றைக்குத்தான்.

டொப்கியால் உடனே கைகூப்பினார். எல்லார் பார்வையும் நோர்சோம் மேல்.

தாம்டின் அவள் காதில் சொன்னார்: "ஓட்டு நம்ம பக்கம் இருக்கு. நான் வீடு வீடா பாத்துட்டேன். வேண்டாம்னு சொல்லு."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவள் யார்? காலையில் தெய்வத்துக்கு முதல் டீயை வைக்காமல் தன் வாயில் ஒரு சொட்டு ஊற்றாதவள். ஸ்வெட்டர் மூட்டை கட்டும்போதும் மந்திரித்த காப்பு நூலை முதலில் கட்டுகிறவள். தெய்வத்திடம் கேட்காதே என்று சொல்ல மதுரையையே ஜெயித்த அந்த நாக்கு எழும்பவில்லை.

"சம்மதம்" என்றாள்.

"முடிஞ்சுது" என்றார் தாம்டின்.

மூன்று நாள் பூஜை. நாலாம் நாள் சன்னதியில் கூட்டம் மூச்சை அடக்கி நின்றது. பெரிய குரு கண்ணை மூடிக் கிண்ணத்தைச் சுழற்றினார். உருண்டைகள் ஒன்றை ஒன்று துரத்தின. டொப்கியாலின் ஜெபமாலை அதைவிட வேகமாகச் சுழன்றது. ஒன்று துள்ளி, விளிம்பில் ஏறி, கம்பளத்தில் விழுந்தது. லோட்ரோ பிரித்தார். படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"நோர்சோம்."

அவர் முகம் ஒரு கணம் புளித்த தயிர் மாதிரி ஆனது உண்மை. ஆனால் மனுஷர் நேர்மையானவர். முதல் வெள்ளைத் துண்டை அவள் கழுத்தில் போட்டவரும் அவர்தான். அடுத்து டொப்கியால். அப்புறம் ஊரே போட்டது. துண்டுகள் மூக்கு வரை ஏறி அவளுக்கு மூச்சு முட்டியது.

அன்று சாயங்காலமே அவள் கவனித்தாள். சீனாக்காரன் காசு என்று பேசியவள் கடைக்கு வந்து, மோமோவைக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிப் போனாள். போன வாரம்வரை உப்பு அதிகம் என்று கத்தியவன் ருசி பிரமாதம் என்றான். உப்பு உண்மையிலேயே அதிகம். அன்றைக்கு அவள் இரண்டு தரம் போட்டிருந்தாள்.

கிணற்றுக்கு இடம் பார்க்க வேண்டியிருந்தது. இறக்கத்தில், பள்ளிக்கூட வேலிக்குப் பக்கத்தில் தோண்டலாம் என்றாள். யாராவது மறுத்துப் பேசுவார்கள், பேசித்தான் முடிவாகும் என்று நினைத்தாள். முன்பெல்லாம் ஒரு வேலிக்கம்பை எங்கே நடுவது என்பதற்கு இந்த முகாம் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறது.

"உங்க சித்தம்" என்றார்கள். எல்லாரும். ஒரே குரலில்.

மெஷின் வந்தது. முதலில் புழுதி வந்தது, பிறகு பாறைத் தூள், அப்புறம் இன்னும் வெள்ளையான பாறைத் தூள். குத்தகைப் பணம் அந்த ஓட்டைக்குள் போயே போனது. ஒரு தும்மலுக்குப் போதுமான ஈரம்கூட மேலே வரவில்லை.

நோர்சோம் புழுதியோடு வாங்டுவின் வீட்டுக்கு நடந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது அவர் வயல்.

"ஜோலா, உங்க வயல்ல முன்னாடி தோண்டிப் பாத்தீங்கல்ல?"

வாங்டு எழுந்து நின்றார். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அவள் ஜோலா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிறவர், எழுந்து நின்றார். "தோண்டினேன்."

"என்ன வந்துச்சு?"

"பாறை."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"நீங்க உருண்டை விழுந்தவங்க. உங்க வார்த்தைக்கு மேல நான் பேசறது தெய்வத்துக்கு மேல பேசற மாதிரி. நம்ம கர்மம், தண்ணி வரல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"போன வருஷம் என் நாய் உங்க கோழியைப் பிடிச்சதுக்கு என் பரம்பரையையே இழுத்தீங்களே, ஜோலா."

"அப்ப உருண்டை விழலையே."

அவள் டொப்கியாலிடம் போனாள். தேர்தலில் எதிர்த்தவர், அவராவது நாலு வார்த்தை கேட்பார் என்று. அவர் தன் ஆசனத்தை அவளுக்கு விட்டுத் தரையில் உட்கார்ந்து வெண்ணெய் டீ ஊற்றினார்.

"ஊர்ப் பணத்தைப் பாறையில கொட்டிட்டேன். ஏதாவது சொல்லுங்க."

"டீ ஆறுது" என்றார் டொப்கியால். "என் பேர் விழலை. விழாதவன் என்ன சொல்றது?"

வீட்டில் தாம்டின் அடுப்பை மூட்டி வைத்திருந்தார். கால்சட்டையில் புழுதியோடு அவள் படுக்கையில் உட்கார்ந்தாள். மற்ற நாளாக இருந்தால் அதற்கே ஒரு கிண்டல் வந்திருக்கும்.

"நீங்க களைச்சுப் போயிருக்கீங்க" என்றார் அவர்.

நோர்சோம் நிமிர்ந்து பார்த்தாள். "என்னை எப்ப இருந்து நீங்கன்னு கூப்பிடறீங்க?"

"தெரியல" என்றார் தாம்டின். உண்மையிலேயே தெரியவில்லை. "தானா வருது."

அவள் வாழ்நாளில் அழுதது மூன்றோ நாலோ தரம். அதில் ஒன்று அது.

மறுநாள் மறுபடியும் லாரித் தண்ணீர். வரிசையில் அவளுக்கு முதலிடம் விட்டார்கள். வேண்டாம் என்று கடைசியில் போய் நின்றாள். வரிசை முழுக்கத் திரும்பி அவள் பின்னால் வந்து நின்றது.

அவள் கூட்டம் கூட்டினாள். முகாம் கூடம் நிறைந்தது. லோட்ரோவும் ஓரமாக வந்து உட்கார்ந்தார்.

"தோண்டின இடம் தப்பு. சொன்னது நான். பணம் போச்சு. நான் இறங்கிக்கறேன், ஓட்டுப் போட்டு வேற ஆளை வைங்க."

கடைசியில் லோட்ரோதான் பேசினார். "தெய்வம் வெச்சதை ஓட்டு எப்படிங்க எடுக்கும்? மறுபடி அங்கதான் கேக்கணும்." சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது பிடித்த மாதிரி தெரியவில்லை.

"மறுபடியும் என் பேரே விழுந்தா?"

லோட்ரோ போர்வையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி. வேற ஒண்ணும் வேண்டாம். நான் பண்ணது தப்புன்னு நினைக்கறவங்க கையை மட்டும் தூக்குங்க."

ஜெபமாலைகள் உருண்டன. யாரோ இருமி, இருமியதற்கு வெட்கப்பட்டார்கள். வாங்டுவின் கை மடியில் ஒரு தரம் அசைந்து அடங்கியது. தாம்டின் தலையைக் குனிந்துகொண்டார்.

நோர்சோம் தன் கையைத் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள்.

கடைசி வரிசையில், கண்ணில் பூ விழுந்த, ஊருக்கே அம்மாவான கிழவி செவாங் அமாலா பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து எழுந்து, சுருக்கிய கண்ணால் முன்னால் பார்த்தார்.

"யாருடி அது கையைத் தூக்கறது? தெய்வம் வெச்ச தலைவியைக் குறை சொல்றியே, நாக்கு அழுகிடும். உன் அம்மா உனக்கு என்னத்தைச் சொல்லி வளர்த்தா? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் தண்ணி வராம வறண்டு போச்சு. கையைக் கீழ இறக்கு."

அது தலைவியேதான் என்று சொல்லி அவரை நிறுத்தவும் யாருக்கும் வாய் வரவில்லை.

"இன்னும் சொல்லுங்க, அமாலா" என்றாள் நோர்சோம்.

குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்ட கிழவி, பேச்சை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார்.