ஊரிலிருந்து வந்த தங்கை

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்ச் மாதம், சாயங்கால வேளையில், வடக்கு தில்லியில் சுழல்காற்று அடித்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையைக் கடக்க அதற்கு இரண்டு மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த நிமிஷங்களைப் பற்றி யார் கேட்டாலும் நன்றாகவே சொல்வேன். யாருடைய ஸ்கூட்டரோ வேப்பமரக் கிளையில் தொங்கியதைக் கையைக் காலை ஆட்டிச் சொல்வேன். அதற்கப்புறம் வந்த நாலைந்து நாளைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படி நான் நடந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் மத்திய சர்க்காரில் குமாஸ்தா. கரோல் பாகில் ஒரு மொட்டைமாடி அறையில் ஒன்பது கோடை வெந்த பிறகுதான் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு முற்றம், பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட தாழ்வாரம். வந்த ஆறாம் மாதமே பின்னறையையும் தாழ்வாரத்தையும் ஒரு திருநெல்வேலிக் குடும்பத்துக்கு உள்வாடகைக்கு விட்டோம். அது சட்டப்படி தப்பு. பிடிபட்டால் குவார்ட்டர்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆனாலும் எங்கள் வரிசையில் விடாதவர்கள் யார்? அதற்கென்று எல்லா வீட்டிலும் ஒரு பாடம் வைத்திருந்தோம். யாராவது வந்து விசாரித்தால், நீ என் தங்கை, ஊரிலிருந்து வந்திருக்கிறாய், போன வாரம்தான் வந்தாய். குடிவந்த அன்றைக்கே அந்தத் திருநெல்வேலிப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளும் சிரித்துக்கொண்டே ஒப்பித்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் எட்டு மாதக் குழந்தை. புருஷன் ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்ட். இந்தி சுத்தமாக வராது. காய்கறி வண்டிக்காரனிடம் 'பையா' என்று இந்தியில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டு, மிச்சத்தையெல்லாம் திருநெல்வேலித் தமிழில் பேசுவாள். அவனும் கொடுப்பான். நான்தான் அதட்டுவேன். எனக்கு யாரையாவது அதட்டாமல் பொழுது போகாது.

அன்றைக்கு என் மூன்று வயது மகளை அவளிடம் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். வானம் மஞ்சளானது. வழக்கமான ஆந்திதான், புழுதியைக் கிளப்பிவிட்டு ஓய்ந்துவிடும் என்று நினைத்து ஒரு மளிகைக்கடைக்குள் ஒதுங்கினேன். பிறகு கேட்ட இரைச்சல் காற்றுடையதாகவே இல்லை. கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு ராம் ராம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஓடி வந்து பார்த்தால் முற்றத்துச் சுவர் இல்லை. தாழ்வாரக் கூரை பின்னறைக்குள் கிடந்தது. அவள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் குழந்தை, பக்கத்தில் அவள் புடவையைப் பிடித்தபடி என் மகள். இரண்டையும் இரும்புக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, திறந்திருந்த பக்கத்தில் தான் படுத்து அடைத்திருக்கிறாள். கூரை அவள் வலது கையில் இறங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே அந்தக் கை இருந்த கோணத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலக்கா," என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இந்த உசிரு இருக்கிற வரைக்கும் உன்னை மறக்க மாட்டேன்டி," என்றேன். இப்படியெல்லாம் பேச எனக்கு நன்றாக வரும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். இடியாமல் நின்ற முன்னறையில் இரண்டு குடும்பமும் படுத்தோம். தெரு முழுக்க அப்படித்தான். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டி நாலு வீட்டுக்கு ரொட்டி போட்டாள். நான் சோறு வடித்தேன். கையில் கட்டோடு இருந்தவளுக்கு நானே ஊட்டிவிட்டேன். இரண்டு நாள் நான் நல்லவளாகத்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் பதிவேட்டுடன் ஒரு ஆபீசர் வந்தார். தலைநரைத்த மனுஷர், சட்டையெல்லாம் புழுதி. இடிந்த வீட்டுக்காரர்களுக்குத் தெற்கே வேறு காலனியில் காலி குவார்ட்டர்ஸ் தரப்போவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரரும் அவள் புருஷனும் தண்ணீர் லாரிக்குப் போயிருந்தார்கள். இந்த வீட்டில் யார் யார் என்று ஆபீசர் என்னைக் கேட்டார்.

"நாங்க மூணு பேர். இவ என் தங்கச்சி. ஊர்லேர்ந்து வந்திருக்கா," என்று இந்தியில் சொன்னேன்.

அவர் பேனாவை மூடிவிட்டார். காலையிலிருந்து பதினோரு தங்கைகளைப் பார்த்துவிட்டேன், மதராஸில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "பெஹன்ஜி, சச் போலியே," என்றார். உண்மையைச் சொல்லுங்கள், இன்றைக்கு யார் மேலும் நடவடிக்கை கிடையாது, உள்வாடகைக்கு இருந்தவர்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள், பெயர் எழுதினால்தான் இடம் என்றார்.

அவளுக்கு இந்தி புரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்தது. ஆனால் நான் குமாஸ்தா பெண்டாட்டி. எழுத்தில் இல்லாத ஆபீசர் பேச்சு தண்ணீரில் எழுதியது என்று தினமும் கேட்டு வளர்ந்த குடும்பம். இவர் இன்றைக்கு இனிக்கப் பேசுவார், நாளைக்கு மெமோ வரும், மறுபடியும் அந்த மொட்டைமாடி. மனசுக்குள் இவ்வளவும் ஓடியது. ஆனால் அதையெல்லாம் அவளிடம் தமிழில் சொல்லி, 'நீ என்னடி சொல்கிறாய்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"தங்கச்சிதான்," என்றேன். நாக்கு கூசவில்லை.

அவர் எழுதிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். பஞ்சாபி அம்மாள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நாலாம் நாள் அவள் வீட்டில் உள்வாடகைக்குக் குடியிருந்த ஒரு மாஸ்டர் குடும்பத்துக்குத் தனி அறை ஒதுக்கிச் சீட்டு வந்தது. எங்கள் சீட்டில் மூன்று பெயர்.

சாமான் ஏற்ற லாரி வந்தது. விருந்தாளிகள் ரயில் ஏறிவிடலாம் என்று லாரியோடு வந்த ஆள் சொல்லிவிட்டான். புதுக் காலனியில் ஆபீஸ்காரர்கள் கண்ணெதிரே இருப்பார்கள், வேண்டாம் வம்பு என்றார் என் வீட்டுக்காரர். நான் மறுத்துப் பேசவில்லை. ஊரையே அதட்டுகிற வாய் அன்றைக்கு எங்கே போயிற்றோ.

அவள் குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு லாரி பக்கத்தில் நின்றாள். எதிர்வீட்டுக்கு வந்த சீட்டைப் பற்றி அவள் புருஷன் அதற்குள் சொல்லியிருக்க வேண்டும்.

"தங்கச்சின்னு சொன்னீயளாமே அக்கா. தங்கச்சிய விட்டுட்டா போவீய?"

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். "இடம் பாத்துட்டு ஆள் அனுப்புறேன்," என்றேன். அனுப்பவில்லை. அந்த இடிந்த வீட்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் இருந்தார்கள் என்றும், அடிபட்ட கையை மறுபடி ஆஸ்பத்திரியில் காட்டவே இல்லை என்றும், பிறகு எங்கேயோ போய்விட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றால், நானாகப் போய் விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

ஏழெட்டு வருஷம் கழித்து, மகளோடு போன கரோல் பாக் துணிக்கடை ஒன்றில் அவளைப் பார்த்தேன். நான் நழுவப் பார்த்தேன். "அக்கா," என்று அவள்தான் வந்தாள். வலது கை நீளவில்லை, மடங்கியபடியே நின்றுவிட்டிருந்தது. இடது கையால் என் மகள் கன்னத்தைத் தொட்டு, "எம்புட்டு வளந்துட்டா," என்றாள். தில்லியிலேயே ஒரு தெருக்கோடியில் அறை கிடைத்ததாம். புருஷனுக்கு அதே வேலைதானாம். என்மேல் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது பேசித் தப்பித்திருப்பேன்.

அவள் போன பிறகு, "கோன் தீ, மம்மி?" என்று மகள் இந்தியில் கேட்டாள், யார் அது என்று.

"முன்னாடி பக்கத்து வீட்ல இருந்தாங்க," என்றேன்.

உன் உயிரைக் காப்பாற்றியவள் என்று சொல்லலாம்தான். அப்புறம் நீ என்ன செய்தாய் என்று மகள் கேட்பாளே. இத்தனை வருஷமாக நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு இதை எழுதுவதையும் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் மகள் தில்லியில் பிறந்தவள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தெம்பில்தான் எழுதுகிறேன்.