வாய் வைத்துக் குடித்த இஞ்சிச்சாறு

தொண்ணூறுகளின் நடுவில் ரொறொன்ரோவில் எயிட்ஸ் என்ற சொல்லை எங்கள் தமிழ்ச் சனம் சத்தமாகச் சொல்லாது. அது வெள்ளைக்காரரின் வருத்தமாம். பார்க்டேல் தையல் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் இருந்த ஜமேக்காக்காரியின் சனமும் அதையேதான் சொன்னதாம். அவளுக்கு அந்தக் கிருமி தொற்றியிருந்தது. ஒளித்து வைக்கிற ஆள் அவள் இல்லை. ஒரு மதியம் அதை எனக்குச் சொல்லிவிட்டு, என் கோழிக்கறியில் பாதியை எடுத்துச் சாப்பிட்டாள்.

அவளைச் சுட்டது ஒன்றுதான். பெற்ற தாய் வீட்டில் அவளுக்கென்று தனிக் கோப்பையும் தனித் தட்டும் வைத்திருந்தார். "ஞாயிற்றுக்கிழமை சேர்ச் முடிய எல்லாருக்கும் முன்னால சொல்லப்போறன். அம்மாவும் இருப்பா. நீ பக்கத்தில நிக்கிறியா?" என்று கேட்டாள். அவள் இங்கிலீசில் கேட்டதை நான் என் பாஷையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் என் மனுசன் குதித்தார். "உனக்கென்ன விசரே? கறுப்பு ஆக்களின்ர சேர்ச்சில உனக்கென்ன வேலை? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். சனமே எனக்குச் சோறு போடுது? நான் போறன்" என்று கோட்டை மாட்டினேன்.

சேர்ச் மண்டபத்தில் அவள் நிமிர்ந்து நின்று, "எனக்கு எச்ஐவி இருக்கு" என்றாள். அது எப்படித் தொற்றும் என்று சொன்னாள். ஆணுறை என்றதும் போதகர் கதிரையில் நெளிந்தார். அவள் விடவில்லை. "ஒரு கோப்பையில குடிச்சால் தொற்றாது, பாருங்கோ" என்று தான் போட்டு மேசையில் ஜாடியில் வைத்திருந்த இஞ்சிச்சாற்றைக் கோப்பையில் ஊற்றி ஒரு மிடறு குடித்துவிட்டு, என்னிடம் நீட்டினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணாந்து, உதட்டில் படாமல், வாய்க்குள் ஊற்றினேன். யாழ்ப்பாணத்துப் பழக்கம். பெற்ற தாயின் செம்பிலும் நாங்கள் வாய் வைப்பதில்லை. அது அந்தச் சனத்துக்கு எப்படித் தெரியும்? "பாருங்கோ, சிநேகிதியே பயப்படுறா" என்று பின்னால் ஒருவர் சிரித்தார். அவள் முகம் செத்துப்போனது.

ஐயோ, என்ன மடைத்தனம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்கள் ஆர் தந்தாலும் இப்பிடித்தான் குடிக்கிறனாங்கள்! இது பயமில்லை, பழக்கம்! பயந்தவை ஆரெண்டு இப்ப பாப்பம்!" என்று அரைகுறை இங்கிலீசில் கத்தினேன். அவள் வாய் வைத்த அதே விளிம்பில் வாய் வைத்துக் குடித்தேன். இஞ்சி தொண்டையை எரித்தது. எரியட்டும் என்று முழுவதையும் குடித்து, வெறுங்கோப்பையை மேசையில் குத்தி வைத்துவிட்டு, சிரித்தவரை நேரே பார்த்தேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

முன்வரிசையிலிருந்து அவளின் தாய் எழும்பினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேசைக்கு வந்து, அந்தக் கோப்பையைக் கழுவாமலே நிரப்பினார். தான் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, மகளிடம் நீட்டினார்.

"முதல்ல நீ குடி," என்றார். "மிச்சம் எனக்கு."