ஆர்லெத்தின் முதுகு

ஆர்லெத் பூஜோல் டபுள் பேஸ் வாசித்து நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டுமே அதிகம். ஆளைவிட உயரமான அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தை அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால், கல்யாண வீட்டில் நன்றாகக் குடித்துவிட்ட மாமாவைக் கீழே விழாமல் தாங்கிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். ஆனாலும் இசை, நாடகம், நடனம் எல்லாம் சொல்லித்தரும் எங்கள் ஊர் கன்செர்வத்வார் பள்ளியில் அவள் வருடக்கணக்காக டபுள் பேஸ் மாணவி. எல்லாம் நாடகத்தின் மேல் வைத்த ஆசையால் வந்த வினை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் நாடக வகுப்புக்குப் பரிசுத் தேர்வு நடக்கும். தேர்வுக்கு நிற்பவர் ஒருவர்தான் என்றாலும், காட்சி என்றால் இரண்டு பேராவது வேண்டுமே. அந்த இரண்டாவது ஆளுக்கு மதிப்பெண்ணும் கிடையாது, பரிசும் கிடையாது. கறுப்பு உடை போட்டுக்கொண்டு, நடுவர்களின் மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்வசனம் மட்டும் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். மாணவர்களெல்லாம் இந்த வேலை என்றாலே தலைவலி, காய்ச்சல் என்று நழுவுவார்கள். ஆர்லெத் மட்டும் தானாக வந்து கேட்டு வாங்கிக்கொள்வாள்.

அவளும் ஒரு காலத்தில் நாடக வகுப்பு மாணவியாக இருந்தவள்தான். பத்தொன்பது வயதில் தேர்வுக்கு நின்றாள். மேசையைப் பார்த்து வாயைத் திறந்தாள், காற்றுகூட வரவில்லை. நடுவர் தலைவர் மணியை அடித்து அனுப்பிவிட்டார். மறு வருடமும் அதே கதை. ஆனால் அன்று மதியமே தோழி ஒருத்திக்கு எதிர்வசனம் சொல்ல ஏறினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு அவள் பேச ஆரம்பித்ததும் மண்டபத்தில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்களாம்.

"அந்த மேசையப் பாத்தா என் குரல் நேரா செருப்புக்குள்ள எறங்கிடுதுடி. முதுகக் காட்டினா திரும்ப ஏறி வந்துடுது. நான் என்ன பண்ண?" என்பாள்.

வயது வரம்பு தாண்டியதும் நாடக வகுப்பில் இடமில்லை என்றார்கள். எதிர்வசனம் சொல்பவரிடம் பள்ளியின் மாணவர் அட்டை இருந்தாக வேண்டும், அது எந்த வகுப்பு அட்டையாக இருந்தாலும் சரி என்பது விதி. டபுள் பேஸ் ஆசிரியர் முசே லகார்துக்கு மாணவர்களே இல்லை. ஆளில்லாத வகுப்பை நகராட்சி மூடிவிடும். அவருக்கு ஆள் தேவை, அவளுக்கு அட்டை தேவை. இருவரும் வாரத்துக்கு ஒரு நாள் அந்த வாத்தியத்தைச் சித்திரவதை செய்துவிட்டு, மீதி நேரம் சூப் செய்வது பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பகலில் கதீட்ரலுக்குப் பின்னால் இருந்த அத்தையின் செருப்புக் கடையில் வேலை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, தோல் வாசனையோடு வருவாள். அப்போது பள்ளி பழைய கன்னிமாடத்தில் இருந்தது. மேலே நடனப் பெண்கள் குதித்தால் கீழே எங்கள் தலையில் சுண்ணாம்பு உதிரும். சோகக் காட்சியில் நான் உருகிக்கொண்டிருக்கும்போது பழைய சமையல் கூடத்திலிருந்து யாராவது ட்ராம்போனில் மாடு கத்துவது போல் ஊதுவார்கள். இப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியில் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். ஒரு அறைச் சத்தம் இன்னொரு அறைக்குக் கேட்காதாம். அதில் என்ன பெருமையோ! எனக்கு அந்தச் சுண்ணாம்பு வேண்டும், அந்த மாடு வேண்டும், அந்தத் தோல் வாசனையும் வேண்டும்.

ஆர்லெத்தோடு காட்சி செய்தவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களெல்லாம் தங்கள் வசனம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள். இவள் நாம் சொல்வதைக் கேட்பாள். நூறு முறை ஒத்திகை பார்த்த வரியை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பவள் போல் முகத்தைப் பார்ப்பாள். பார்த்த பிறகு பொய்யாக நடிக்க யாருக்கும் மனசு வராது.

நாடக வகுப்பில் என் கடைசி வருடத்தில் பள்ளிக்குப் புது இயக்குநராக முசே வியாலார் வந்தார். ஒழுங்கான மனிதர், அதுதான் தொல்லை. கீழ் வகுப்பில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் இந்த ஜூனில் தேறாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். எதிர்ப்பக்கத்துக் காபிக் கடைக்கு ஆர்லெத் வெளிறிப்போய் வந்தாள்.

"நிக்கோல், என்னத் தொரத்தப் போறாங்கடி."

"தேறிட்டா தொரத்த மாட்டாங்கல்ல?"

"நான் வாசிச்சு நீ கேட்டதில்ல?"

"கேட்டேன். அதனாலதான் ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிட்டிருக்கேன்."

சிரித்தாள். பிறகு கரண்டியால் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், சர்க்கரை போடாத காபியை. "எனக்கு இத விட்டா வேற ஒண்ணும் இல்லடி. கடையில எல்லாரும் காலத்தான் நீட்டறாங்க. இங்க மட்டும்தான் முகத்த நீட்டறாங்க" என்றாள்.

தேர்வு நாள் வந்தது. பக்க வாத்தியமாக பியானோவில் முசே எமில். ஆர்லெத் தன் கறுப்பு கவுனில், அந்தக் குடிகார மாமாவை இழுத்துக்கொண்டு மேடையேறினாள். ஏறினவள், பழக்க தோஷத்தில், நடுவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாள்.

"திரும்பும்மா! இந்தப் பக்கம்!" என்று முசே லகார்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். அவள் காதில் விழவில்லை. அவள் எமிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர்தான் தேர்வுக்கு நிற்கிறவர் போல. அவர் வேகமெடுத்தால் வழிவிட்டாள், அவர் தயங்கினால் காத்திருந்தாள். தப்புச் சுரங்கள் தாராளமாக இருந்தன. ஆனால் எமில் அப்படி வாசித்து எங்கள் ஊர் கேட்டதில்லை.

நடுவர் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பியானோ ரொம்பப் பிரமாதம். ஆமா, தேர்வுக்கு வந்தது யாரு?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், ஆர்லெத்தும் சிரித்தாள். வெளியே மாடிப்படியில் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். எமில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இத்தன வருஷத்துல என்ன யாரும் இப்படிக் கேட்டதில்ல, மத்மசேல்" என்று சொல்லிவிட்டுத் தானும் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அவள் தேறவில்லை, விதி விதிதான். அட்டை ஜூன் மாதக் கடைசி வரை செல்லும் என்றார் இயக்குநர். அதற்குள் இருந்தது என் தேர்வு ஒன்றுதான்.

எங்கள் காட்சியில் இரண்டு சகோதரிகள். அக்கா பெட்டியோடு வீட்டைவிட்டுப் போகிறாள், தங்கை வாசலில் மறிக்கிறாள். நான் அக்கா, ஆர்லெத் தங்கை. நான் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் ஒரு திட்டம் போட்டிருந்தேன். கடைசி முறையாக ஏறுகிறாள், ஒரு தடவையாவது அவள் முகத்தை ஊர் பார்க்கட்டும் என்று.

பாதிக் காட்சியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றி நடந்து, நான் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் மேசைப் பக்கம் திரும்பியாக வேண்டும். திரும்பினாள். மண்டபத்தில் சலசலப்பு. எங்கள் ஆசிரியை மதாம் சபாத்தியே "ஐயோ, பைத்தியக்காரி" என்று முனகியது மேடை வரை கேட்டது.

ஆர்லெத்தின் முகம் சாம்பலாகிவிட்டது. உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. பத்தொன்பது வயதில் நின்ற அதே இடத்தில் அவளை நானே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் தலைவரின் கை மணியை எடுக்கும் சின்னச் சத்தம்கூடக் கேட்டது.

அவள் இரண்டடி முன்னால் வந்தாள். என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். தோள்கள் இரண்டையும் பிடித்து, கடையில் அலமாரியை நகர்த்துகிற பலத்தோடு என்னைத் திருப்பி மேசையைப் பார்க்க நிறுத்தினாள்.

"எனக்காகப் பரிதாபப்படாதடி. இது என் இடம்" என்றாள் காதோரமாக.

பிறகு என் முன்னால் வந்து, நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, என் கண்ணைப் பார்த்து, கடைசி வரிசை வரை போகிற குரலில் தன் வசனத்தைச் சொன்னாள்: "போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

என் வசனத்தை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. முதல் பரிசு என்றார்கள். "தங்கச்சி புடிச்சுத் திருப்புற மாதிரி வெச்சது நல்ல யோசனை" என்று தலைவர் பாராட்டினார்.

"அது என் யோசனை இல்ல முசே, அவளோடது" என்றேன்.

"யாரோடதா இருந்தா என்னம்மா? பரிசு உனக்குத்தான்" என்று பதக்கத்தைக் கையில் திணித்தார்.

அட்டை போனது போனதுதான். ஆனால் மறு வருடத்திலிருந்து நாடக வகுப்பு முழுக்க செருப்புக் கடைக்கு நடையாய் நடந்தது. செருப்பு வாங்குகிற சாக்கில் ஸ்டூலில் உட்கார்வார்கள். ஆர்லெத் கீழே மண்டியிட்டு ஷூ லேஸ் கட்டியபடியே, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்வசனம் சொல்வாள். எங்கள் ஊர் நடிகர்கள் தேவையில்லாத செருப்புகளோடு அலைந்த காலம் அது. போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அவள் இல்லாத ஊர் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

என் தேர்வன்று உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எடுத்த படம் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. முன்னால் கறுப்பு கவுனில் ஒரு முதுகு, அதற்கு அப்பால் கண்ணீரோடு என் முகம். மேடையில் ஆர்லெத் இருக்கிற படம் அது ஒன்றுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தின் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்னமா நடிச்சிருக்கீங்க!" என்பார்கள்.

நான் எங்கே நடித்தேன்? அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.