அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னவர்

1. உசிலம்பட்டி கமிஷன் கடையின் எடை மெஷின் குறைத்துக் காட்டியது.
2. மெக்கானிக்கான நான் சரிசெய்தேன்.
3. கடைக்காரர் பழையபடி ஆக்கச் சொன்னார்.

நெற்றி நிறையத் திருநீறு. ஒவ்வொரு மூட்டைக்கும் முன் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

“அட்ஜஸ்ட் பண்ணும்மா.”

“பண்ணியாச்சுண்ணே.”

“அட, நம்ம பக்கமா பண்ணு. இம்புட்டுப் படிச்சும் புரியலையா?”

வாசலில் பருத்தி மூட்டையை விற்க ஒரு பெண் காத்திருந்தார்.

அந்த ஆங்கில வினைச்சொல் லத்தீனில் பிறந்தபோது அதன் பொருள் ‘அருகே கொண்டுவா’. என் தொழிலில், சரியான எடைக்கு அருகே. பஸ்ஸில் அதற்கு நெருக்கி உட்கார் என்று பொருள். வீட்டில், வாயை மூடு. இவருக்குத் திருடு.

“முடியாதுண்ணே. அந்தம்மா மூட்டைய இப்பவே ஏத்துங்க” என்றேன்.

முறைத்தார். பிறகு மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏற்றினார். எதைக் கும்பிட்டார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அன்று எடை சரியாக இருந்தது. இப்போது அவருக்கு வேறு மெக்கானிக்.