மாலை போட்டு அனுப்பினார்கள்

ஜீவனஹள்ளி பாலவாடியிலிருந்து என்னை வெளியே அனுப்பியது யார் என்று கேட்டால் இன்றைக்கும் யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் சங்கத்துப் பிரசிடெண்டம்மா. பெயரைச் சொல்ல மாட்டேன். என் வாயால் அந்தப் பெயரைச் சொல்லிப் பல வருஷமாகிறது.

என் கணவர் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்து, நெஞ்சில் தூசி அடைத்து, இருமி இருமியே போனவர். சுதந்திரம் வந்த புதிதில் நான் பெங்களூருக்கு வந்து ஜீவனஹள்ளியில் ஓர் ஓட்டு வீட்டில் குடியேறினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் விடிந்ததும் பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கவும் கட்டட வேலையில் கல் சுமக்கவும் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளை அக்காக்காரிகள் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பார்கள். அவர்களும் குழந்தைகள்தான். ஒருநாள் ஒரு கைக்குழந்தை சாக்கடைப் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனது. மறுநாள் காலை அந்தத் தெருக் குழந்தைகளையெல்லாம் கூட்டிவந்து என் வீட்டில் உட்கார வைத்தேன். பாலவாடி என்ற சொல்லே அப்போது எனக்குத் தெரியாது.

பிரசிடெண்டம்மா அதற்குப் பிறகு வந்தவர். காக்ஸ் டவுனில் பங்களா, கார், நாலு பேரைத் தெரிந்த கணவர். அவர் வந்ததும் சங்கம் வந்தது, கமிட்டி வந்தது, வாசலில் போர்டு வந்தது. நான் செயலாளர். தனிக் கட்டடம் கிடைத்ததும் அவரால்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கட்டடத்தைக் காலையில் திறந்ததும் மாலையில் பூட்டியதும் நான். சொறி பிடித்த தலைகளுக்கு வேப்பெண்ணெய் தடவியது நான். அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு ஓடி ஒளிந்த தாய்மார்களைத் திட்டி இழுத்துவந்ததும் நான்தான். என் தலை அங்கேதான் நரைத்தது.

வெளிநாட்டுப் பால்பவுடர் வர ஆரம்பித்த பிறகு, அதைப் பார்வையிட வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். ஒருமுறை ஒரு துரைசானி என்னிடம் ஏதோ கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன், புரியவில்லை என்றதும் கன்னடத்தில் சொன்னேன். பிரசிடெண்டம்மாவின் முகம் கறுத்துவிட்டது. சில நாளில் என்னைப் பங்களாவுக்கு வரச் சொன்னார்.

"நீங்க ரொம்ப உழைச்சுட்டீங்க. இனிமே ரெஸ்ட் எடுத்துக்கணும். எங்க அக்கா பொண்ணு பி.ஏ. படிச்சிருக்கா, அவ பார்த்துப்பா. வர்றவங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசணுமில்லையா?"

"பிள்ளைங்ககிட்ட எதுல பேசுவாங்கம்மா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு உடம்பு முடியல, நீங்களே விலகிக்கிறீங்கன்னு கமிட்டியில சொல்லிட்டேன். உங்களுக்கும் அதுதானே கௌரவம்?" என்றார்.

வழியனுப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். சந்தன மாலை, சால்வை எல்லாம் உண்டு. தலைமை தாங்க ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். எனக்கு உடம்பு முடியவில்லை என்று பிரசிடெண்டம்மா மைக்கில் தழுதழுத்தார். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பேச எழுந்தேன். முந்தின நாளெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு. மைக்கை நெருங்குவதற்குள் அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "அவங்களைச் சிரமப்படுத்த வேண்டாம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. மாலையோடு உட்கார்ந்திருந்தேன். இதற்கு நீ அனுபவிப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அதைத் தவிர அந்த மேடையில் எனக்கு வேறு நினைப்பே வரவில்லை.

அறுபதுகளின் ஆரம்பத்தில் கார்ப்பரேஷன் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் பிரசிடெண்டம்மா நின்றார். பாலவாடியைக் காட்டித்தான் ஓட்டுக் கேட்டார். எதிர்த்து நின்றவர் விறகுத்தொட்டிக்காரர். ஈர விறகை எடை போட்டு விற்கிறவர் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் நல்லவர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மேடையில் பேச விடாத பேச்சைத்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். கன்னட வீடுகளில் கன்னடத்தில்.

கல் சுமக்கிற ஒருத்தி கேட்டாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் என் கையில் வளர்ந்தவர்கள். "இன்னாக்கா இது, பால்பவுடர் குடுத்தவங்கோ அவங்கதானே? அவங்களுக்குப் போடாம இருந்தா பாவமில்லியா?"

"கலக்கி உன் பிள்ளை வாயில ஊத்துனது யாரு?"

"நீதான். ஆனா நீயேதானே உடம்பு முடியலன்னு போய்ட்ட?"

"நாலு தெரு நடந்து வந்திருக்கேன். என்னைப் பார்த்தா முடியாதவ மாதிரியா இருக்கு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடிப்பாவி, அப்போ அந்தம்மா தொரத்திட்டாங்களா?" என்றாள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு அன்றைக்கே என்னோடு கிளம்பினாள். அடுத்த தெருவில் இன்னும் பலர் சேர்ந்தார்கள்.

பிரசிடெண்டம்மா தோற்றார். விறகுத்தொட்டிக்காரர் தமுக்கோடும் மாலையோடும் என் வீட்டு வாசலுக்கு வந்து கும்பிட்டார். "அம்மா, எல்லாம் உங்களாலதான்."

"உங்களுக்காக ஒண்ணும் செய்யல, போங்க" என்று கதவைச் சாத்தினேன். உள்ளே போய், அடுப்படியில் தனியாக உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். நான் செய்தது பழிவாங்கல்தான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க மாட்டேன். விறகுத்தொட்டிக்காரர் ஜெயித்தும் வார்டுக்கு எதுவும் செய்யவில்லை. மழைக்காலத்தில் எங்கள் தெரு பழையபடி மிதந்தது. முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதும் எனக்கு வருத்தம் வரவில்லை.

தோற்ற பிறகு பிரசிடெண்டம்மாவுக்குப் பாலவாடியில் நாட்டம் போய்விட்டது. அக்கா பெண் கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போனாள். கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து என்னைத் திரும்பி வரச் சொன்னார்கள்.

"அந்தம்மா வந்து கூப்பிடட்டும். வர்றேன்" என்றேன்.

அவர் வரவில்லை, நானும் போகவில்லை. வேறொரு பெண்ணைப் போட்டார்கள். பாலவாடியை அவள் நன்றாகவே நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்ததா என்றால், உடனே வரவில்லை.

நான் ஆடுகோடியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து, சிவாஜிநகர் பஸ் நிறுத்தத்தில் பிரசிடெண்டம்மா தனியாக நின்றிருந்ததைப் பார்த்தேன். இளைத்திருந்தார். அவரே பக்கத்தில் வந்து, "என் மேல இன்னும் கோபமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தேன்.