கடைசியாக வயரைத் தொட்டவன்

கார் வயரிங் தொழிலில் எந்த வயர் எரிந்தாலும் பழி, அதைக் கடைசியாகத் தொட்டவன் தலையில்தான் விழும். என் தலையில் அதை முதலில் இறக்கி வைத்தவன் பெயர் செல்லத்துரை. பெயரை எதற்கு மறைக்க வேண்டும்? எதிர்க்கடை மெக்கானிக்தான். இதை எழுதும்போதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காருக்கு அடியில் படுத்திருக்கிறான். கால் மட்டும் தெரிகிறது.

நான் பேச்சிமுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாளையங்கோட்டையில் நாற்பது வருஷமாகக் கார் எலெக்ட்ரீசியன். என்னிடம் புதுக் கார் வராது. பதினைந்து வயது தாண்டி, மூன்று கை மாறி, பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய கார்கள்தான் வரும். காலையில் சாவியைத் திருப்பும்போது குலசாமியைக் கூப்பிடுகிறவர்களே, நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இடக்கை முறுக்கு

நானும் செல்லத்துரையும் பன்னிரண்டு வருஷம் ஒரே ஷெட்டில் இருந்தோம். எஞ்சின் அவனுக்கு, கரண்ட் எனக்கு. மத்தியானம் யார் வீட்டுத் தூக்குச்சட்டி முதலில் வருகிறதோ அதில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். ஒருமுறை ஊர்க் கோயில் கொடைக்கு நான் அம்பாசமுத்திரம் போயிருந்த மூன்று நாளில், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருடைய கார் வந்திருக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. ஃபியூஸ் போட்டால் போட்ட நிமிஷமே போகிறது. உள்ளே எங்கேயோ தப்பு நடக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாவதுதான் ஃபியூஸின் வேலை. செல்லத்துரை அதைக் கேட்கவில்லை. ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகி அனுப்பிவிட்டான். ஃபேன் ஓடியது. பத்து நாள் கழித்துத் திருச்செந்தூர் போகிற வழியில் டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்து, வண்டியின் முன்பாதி கருகிப்போனது. ஆட்கள் இறங்கி ஓடித் தப்பித்தார்கள்.

கட்டி இழுத்து வந்த காரைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். டீக்கடைக்காரரோடு சேர்த்து ஏழு. யார் வயரில் கை வைத்தது என்று வாத்தியார் கேட்டார். உருகிப்போன ஃபியூஸ் டப்பாவில் அந்தக் கம்பி கறுத்து நின்றது. நான் வலக்கைக்காரன், என் முறுக்கு வலப்பக்கம் போகும். அது இடப்பக்கம் போயிருந்தது. இடக்கையால் ஸ்பேனர் பிடிக்கிறவன் எங்கள் தெருவிலேயே ஒருவன்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வயரிங் எல்லாம் பேச்சிமுத்துதான் சார் பாப்பான். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது."

கண்ணாடியில் தபால்

அன்றே டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டேன். அந்தக் கம்பியையும் எடுத்து வந்தேன். பழைய பல்புகள் போட்டு வைக்கும் தகர டப்பாவில் இன்றும் இருக்கிறது. வாத்தியார் இன்றும் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு வேண்டியது பெரிய விஷயம் இல்லை. "கம்பியைப் போட்டது நான்தான்" என்று அவன் வாயால், ஆட்கள் காதில் விழும்படி ஒருமுறை சொல்ல வேண்டும். பதினேழு வருஷமாகக் காத்திருக்கிறேன். அதுவரை அவனோடு பேச்சு இல்லை.

ஆனால் பழைய காருக்கு எங்கள் சண்டை தெரியாது. எஞ்சின் கோளாறும் கரண்ட் கோளாறும் ஜோடி போட்டுக்கொண்டுதான் வரும். காரில் என்ன குறை என்று முன்கண்ணாடியில் சாக்பீஸால் எழுதி வைப்பது எங்கள் தொழில் வழக்கம். பிரிந்த இரண்டாவது மாதம் அவன் ஷெட்டிலிருந்து ஒரு காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடியில் "கரண்ட்" என்று சாய்ந்த எழுத்து, என் கடையைப் பார்த்து ஒரு அம்புக்குறி. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். கார்க்காரர் பாவம், வேர்த்து விறுவிறுத்து நின்றார். பார்த்துக் கொடுத்தேன். ஓட்டிப் பார்க்கையில் கிளட்ச் சரியில்லை என்று தெரிந்தது. அவன் எழுத்தை அழித்துவிட்டு "கிளட்ச்" என்று எழுதி, அவன் கடையைப் பார்த்து நானும் ஒரு அம்பு போட்டேன். அன்றிலிருந்து எங்கள் போக்குவரத்து இப்படித்தான். ஒருநாள் நான்காவது முறையாக ரோட்டைத் தாண்டிய கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் சாவியை என் மேஜையில் எறிந்துவிட்டுக் கேட்டார்: "ஏன்வே, நீங்க ரெண்டு பேரும் கடுதாசி போட்டு வெளையாட என் கண்ணாடிதான் கெடச்சுதா?"

எரியாத விளக்கு

அம்பாசமுத்திரத்து நெல் வியாபாரி ஒருவர் பழைய கார் வாங்கிய மூன்றாம் நாளே வழியில் நின்றுவிட்டார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் செத்து நாளாகியிருந்தது. அப்படியானால் மீட்டர் பக்கத்தில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்திருக்க வேண்டுமே என்று கழற்றிப் பார்த்தேன். விற்றவன் அந்தப் பல்பையே பிடுங்கியிருந்தான். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து பிறகு அணைய வேண்டும். முதலிலிருந்தே எரியாத விளக்கை நம்பக் கூடாது. இதைச் சொன்னதும் வியாபாரி தலையில் கை வைத்துக்கொண்டு அங்கனயே உட்கார்ந்துவிட்டார்: "அண்ணாச்சி, ஒரு வெளக்குகூட எரியலையேன்னு பாத்துத்தான நான் அட்வான்ஸே குடுத்தேன்!"

முதல் கட்டுச் சாவி

மேலப்பாளையத்திலிருந்து ஒரு கார் ஒரே மாதத்தில் மூன்று முறை தள்ளு வண்டியாக வந்தது. ஒவ்வொரு முறையும் பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும். இந்தக் கோளாறு உங்களில் பாதிப் பேருக்கு இருக்கும். முதலில் டிக்கி விளக்கைப் பாருங்கள். மூடிய பிறகும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. இந்தக் காரில் அதுவும் இல்லை. மீட்டரை மாட்டி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன். எந்த வழியிலும் கரண்ட் ஒழுகவில்லை. புது பேட்டரியும் போட்டாயிற்று. நான்காவது முறை நானே வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் ஒரு தாய் மட்டும்தான். கார் மகனுடையது, அவன் துபாய் போய் இரண்டு வருஷம். போட்டோவில் நல்ல உயரமாக இருந்தான். ஆனால் டிரைவர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் இழுத்து விடப்பட்டிருந்தது. சீட்டின் மேல் ஒரு சின்னத் தலையணை, அதன் பக்கத்தில் ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணி. நான் அதைப் பார்த்ததை அந்த அம்மாவும் பார்த்துவிட்டார். தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து உட்காருவாராம். சாவியை முதல் கட்டு வரைக்கும் திருப்பினால் எஞ்சின் ஓடாது, மகன் விட்டுப்போன பென் டிரைவ் மட்டும் பாடும். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம்.

உட்காரக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாட்டுப் பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன பேட்டரி வைத்துக் கொடுத்தேன். அது இறங்கினால் பாட்டுதான் நிற்கும், கார் நிற்காது. சோதித்துப் பார்க்கப் போட்டபோது ஒரே டமடமவென்று சத்தம். இதையா கேட்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: "பாட்டு எனக்கு ஒண்ணும் பிடிபடாது அண்ணாச்சி. மவன் வண்டி ஓட்டும்போது இதைத்தான போடுவான்."

உப்புக் காற்று

கடற்கரை ஊர்க்காரர் ஒருவர், போட் வைத்திருப்பவர், பெயர் அந்தோணி. அவர் காரில் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரியும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு மினுங்கும். இடப்பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். தங்கச்சி கல்யாணத்தன்று மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு கோயில் வாசலில் இடப்பக்கம் திரும்பியிருக்கிறார். ஹாரன் நிற்கவே இல்லை. வாழ்த்துச் சொல்கிறார் என்று ஊரே கை தட்டியதாம். ஹாரன் கோளாறு ஸ்டியரிங்குக்குள். அது சின்ன வேலை. விளக்குகளின் ஆட்டத்துக்குக் காரணம் எர்த் வயர். போன கரண்ட் காரின் இரும்பு பாடி வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்த இடத்தை உப்பு அரித்துவிட்டால், வழி தெரியாமல் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்துவிடும். சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவிக் கொடுத்தேன். அந்தோணி ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்: "இதுக்கு எங்க போட்டே தேவல அண்ணாச்சி. அது முங்குததுக்கு முன்னால ஆடியாவது காட்டும்."

குடை

புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் ஆபீஸ் வேலை. அந்த அம்மாதான் கார் ஓட்டுவார். ஐப்பசி மழையில் டிரைவர் பக்கத்தில் இறக்கிய கண்ணாடி கதவுக்குள்ளேயே நின்றுவிட்டது, மேலே வரவில்லை. மோட்டாரை மாற்று என்று உங்களிடம் எவனாவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். கதவு இடுக்கில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதைப் பிதுக்கிப் பாருங்கள். பதினைந்து வருஷம் கதவைத் திறந்து மூடினால் அதற்குள் வயர் ஒடிந்திருக்கும். இதிலும் அதுதான்.

அவர்கள் வந்து நின்ற கோலத்தைச் சொல்ல வேண்டும். அந்த அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். பக்கத்து சீட்டிலிருந்து வீட்டுக்காரர் எட்டிக் கையை நீட்டி, காருக்குள்ளேயே குடையை விரித்து ஜன்னலை அடைத்துப் பிடித்திருக்கிறார். அம்மா மேல் ஒரு சொட்டு இல்லை. அவருக்குச் சட்டைக்கை முழங்கை வரை சொட்டுகிறது. இறங்கியதும் இது காரா கழுதையா என்று கத்தினார், எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னை விரட்டினார். அந்த அம்மா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க பையவே பாருங்க அண்ணாச்சி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவிய எனக்குக் குடை பிடிச்சது இன்னைக்குத்தான்."

மூடியின் உட்புறம்

குடைக் கதையை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. பன்னிரண்டு வருஷம் என் கதைகளைக் கேட்ட காது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சொல்லவில்லை.

செல்லத்துரையிடம் சொந்தமாக ஒரு பழைய கார் உண்டு. ஊரார் கார்களை எல்லாம் எனக்கு அனுப்பியவன் அதை மட்டும் ஒருநாளும் அனுப்பியதில்லை. போன மாதம் ஒரு காலையில் அந்தக் கார் ரோட்டைத் தாண்டி வந்தது. ஓட்டி வந்தது அவன் மகள் இசக்கி. நான் ஷெட்டை விட்டு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. என் ஸ்டூலில் உட்கார்ந்து செத்த பல்புகளை வரிசையாக அடுக்கி விளையாடுவாள். கண்ணாடியில் "கரண்ட்" என்று மட்டும் எழுதியிருந்தது. அம்பு இல்லை.

"பெரியப்பா, நாளைக்கு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். வண்டி ஒரு நேரம் ஸ்டார்ட் ஆவுது, ஒரு நேரம் ஆவல. ஆட்டோவுல போவோம்னா கேக்க மாட்டேங்காவ" என்றாள்.

"இவ்வளவு நாள் யாருட்டம்மா காட்டுனீங்க?"

"ஒருத்தரையும் அந்த ஃபியூஸ் டப்பாவத் தெறக்க விட மாட்டாவ. இன்னைக்கு அவியளே சொல்லுதாவ, பேச்சிமுத்துட்ட கொண்டு போ, அவனே தெறக்கட்டும்னு."

ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு மூடியைக் கழற்றினேன். பத்து ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் பத்து, இருபது இருக்க வேண்டிய இடத்தில் இருபது. ஒரு ஃபியூஸ்கூட மாறவில்லை. ஓரத்தில் ஒரு பொட்டலத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உபரி. மூடியின் உட்புறத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. டேப் பழுத்து மஞ்சளாகி, மை வெளிறிப்போயிருந்தது. இடக்கைச் சாய்ந்த எழுத்து: கம்பி போடாதே. பேச்சிமுத்துவிடம் கேள்.

கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். "என்ன பெரியப்பா, பெரிய கோளாறா?" என்று இசக்கி குனிந்து கேட்டாள்.

"இல்லம்மா. பழசு" என்றேன்.

ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் ரிலேயின் காலில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டிச் சொருகினேன்; அரை மணி வேலை. கடைக்குள் போய்த் தகர டப்பாவிலிருந்து அந்தக் கம்பியை எடுத்தேன். அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடிவிடலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை. பழி சொன்னது ஏழு பேர் முன்னால். தப்பை ஒத்துக்கொண்டது ஃபியூஸ்களிடம். அது எப்படிக் கணக்காகும்? கம்பியைத் திரும்ப டப்பாவில் போட்டேன். சாக்பீஸை எடுத்து அவன் கண்ணாடியில் "கரண்ட் சரி" என்று எழுதினேன். அதற்குக் கீழே "ஒரு வேலை பாக்கி" என்று எழுதினேன்.

காரை எடுக்க அவனே ரோட்டைத் தாண்டி வந்தான். கண்ணில் புரை, மூக்கு கார்க் கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிப் படித்தான். இரண்டாவது வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. இடுப்புத் துணியை எடுத்து முதல் வரியை மட்டும் துடைத்தான். இரண்டாவதை விட்டுவிட்டான். ஏறி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இசக்கி சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் வண்டி பிடித்தது. அவன் எட்டி ஹாரனை ஒருமுறை அமுக்கினான். பிறகு என்னைப் பார்த்து, பதினேழு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்தான்: "ஏலே பேச்சி, ஹாரன் சத்தம் கம்மியா இருக்கேலே, இதெல்லாம் கவனிக்க மாட்டியா?"

ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஹாரனைச் சரிசெய்துவிட்டேன், ஆனால் அந்த ஏழு பேரில் மிச்சம் இருக்கும் ஐந்து பேர் முன்னால் அவன் சொல்ல வேண்டிய ஒரு வரி என் கைக்கு வந்து சேரும்வரை, செல்லத்துரை காரைக் கடைசியாகத் தொட்டவன் நானாகத்தான் இருப்பேன்.