நனைந்த மலைத்தாள்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாடை எங்கிருந்து வந்தாலும் எனக்கு டிசம்பர் பிறந்துவிடும். எண்பதுகளில் அனகாபுத்தூரில், எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை செய்து கொடுப்பது எங்கள் ரோஸி அத்தைதான். அப்பாவின் தங்கை, குரோம்பேட்டையில் தோல் கையுறை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட்டுகளை ஒட்டிப் பெரிய விரிப்பாக்கி, சாயம் தெளித்து, கசக்கி நிறுத்தினால் பாறை தயார். அதற்கு எங்கள் வீட்டில் "மலைத்தாள்" என்று பெயர்.

சாயத்தை வீசும்வரை என்ன வரப்போகிறது என்று அத்தைக்கே தெரியாது. கேட்டால், "கை போவுதுடி, நான் பின்னாடியே போறேன்" என்பாள். கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் துண்டு, கிழிந்த சாக்கு, அடுப்புச் சாம்பல் எல்லாம் அந்தத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பாதியில் விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போவாள், திரும்பி வந்து ஒட்டியதையே பிய்ப்பாள், பிய்த்த இடம் ஒட்டிய இடத்தைவிட அழகாக இருக்கும், சத்தியமாக! எங்காவது ஓரிடத்தில் மஞ்சளாய் ஒரு கட்டம் வந்தே தீரும். அது என்னவென்று மட்டும் சொல்லமாட்டாள்.

"மலைன்னா மலை மாரி இருக்கணும். இது இன்னா, வாந்தி எடுத்த மாரி கீது" என்பார், தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்த அப்பா. கோபமில்லை அவருக்கு, கூச்சம். உன் தங்கச்சிக்கு என்ன ஆச்சு என்று தெருவில் கேட்கிறார்களாம். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டுமே!

ஒரு வருஷம் மழையில் அடையாறு பெருகி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்து நாங்கள் திரும்பியபோது, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த மலைத்தாளின் கீழ்ப்பாதி ஊறி, சாயமெல்லாம் கரைந்து ஓடி, குறுக்கே சேறு ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு மேலே மஞ்சள் கட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அப்பா கிழிக்கப் போனார். அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கசக்க மாட்டேன்ணா. இப்பிடியேதான் குடிலுக்குப் பின்னாடி மாட்டப்போறேன்."

"மாட்டு. ஒருத்தராவது நின்னு பாத்தா நான் வாயே தொறக்கல. இல்லாங்காட்டி இந்த வேலைய இத்தோட வுட்டுடணும். சரியா?"

"சரிண்ணா" என்று அவள் சட்டென்று ஒப்புக்கொண்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாயக்கறை இல்லாத அத்தையின் விரல்களை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்ததும், வழக்கம்போல் நெசவுத் தெரு இந்துக் குடும்பங்களும் குழந்தைகளோடு குடில் பார்க்க வந்தார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவது அப்பாவின் வேலை. மற்ற வருஷங்களில் குழந்தை இயேசுவைக் கும்பிட்டுவிட்டு மளமளவென்று நகர்ந்துவிடுவார்கள். அன்று முன்னால் நின்ற ஓர் அம்மா தாளின் சேற்றுக்கோட்டைக் காட்டி, "எங்க தறி இந்த மட்டும் முழுவிப்போச்சு" என்றாள். "அந்த மஞ்சா இன்னா, வெளக்கா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "வெளக்கு இல்லக்கா, கதவு!" என்றாள் இன்னொருத்தி. பேச்சு வளர்ந்தது, வரிசை அசையவில்லை.

"நகருங்கம்மா, நகருங்க" என்று கத்திக்கொண்டே முன்னால் வந்த அப்பா, தாளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "வெளக்கும் இல்ல, கதவும் இல்ல. எங்க வூட்டு ஜன்னல்மா அது! அது வழியாத்தான் எம்பொண்ணத் தூக்கி வெளிய குடுத்தேன்" என்றார். அந்த வெள்ள ராத்திரி கழுத்தளவு தண்ணீரில் அவர் என்னைத் தூக்கிப் பிடித்தது எனக்கும் கண்முன் வந்தது.

பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அத்தை மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, உன்னாலதான் வரிசை நிக்குது."

அதன்பிறகு அப்பா வாயே திறக்கவில்லை. மறு வருஷம் பிரவுன் ஷீட் வாங்கி வந்ததே அவர்தான்.

இன்று அப்பா இல்லை. கையுறைக் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அந்த மலைத்தாளைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. ஜிஎஸ்டி ரோட்டுக் கடைகளில் பாறையை அச்சடித்தே சுருள் சுருளாக விற்கிறார்கள். போன டிசம்பரில் நானும் ஒன்று வாங்கிப்போய் அத்தையிடம் நீட்டினேன். விரித்துப் பார்த்தவள், "எல்லாம் ஒரே பாறைடி" என்று உதட்டைப் பிதுக்கினாள். பிறகு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறும் பழுப்பாகக் கிடந்தது. உள்ளங்கையால் அதை இரண்டு தரம் தடவிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பசை காய்ச்சுடி."